அக்குபங்சர் கிளினிக்குகளில் டாக்டர் கோட்னிஸ் பெயர் எதற்கு? தாடை வலியிலிருந்து ஒரு தேடல்

காலையில் எழுந்து கொட்டாவி விடும்போது காதுக்கு முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு வாயை முழுசாகத் திறக்க முடியவில்லை. இட்லியைக்கூட ஒரு பக்கமாகத்தான் மெல்ல வேண்டியிருக்கிறது. முகையூர் மாதிரி ஒரு ஊரில் இந்த வலி வந்தால் முதல் வைத்தியம் கிராம்பு. அடுத்தது உப்பு ஒத்தடம். அதற்கும் அடங்காவிட்டால் சொத்தைப் பல்லாக இருக்கும் என்று ஒருவர் சொல்வார், காதில் பூச்சி போயிருக்கும் என்று இன்னொருவர் சொல்வார். விழுப்புரம் போய் பல் டாக்டரைப் பார்த்தால் பல் நல்லாத்தான் இருக்கு என்பார். காது டாக்டரும் காது சுத்தமாக இருக்கிறது என்பார். கடைசியில் யாராவது ஒருவர், ஊசி குத்திப் பாருங்க, சரியாகிடும் என்று அக்குபங்சர் பக்கம் கை காட்டிவிடுவார்.

உடனே போனை எடுத்து அக்குபங்சர் என்று தேடினால், இந்தியாவில் அந்த வைத்தியத்தோடு திரும்பத் திரும்ப ஒட்டிக்கொண்டு வரும் ஒரு பெயரைப் பார்க்கலாம்: டாக்டர் கோட்னிஸ். பஞ்சாப் மாநிலம் லூதியானாவில் அவர் பெயரில் அக்குபங்சர் மருத்துவமனையே இருக்கிறது. கொல்கத்தாவில் இந்த வைத்தியம் வளர்ந்ததும் அவர் பெயரிலான நினைவுக் குழுவின் நிழலில்தான்.

இதில் ஒரு சின்ன சிக்கல் இருக்கிறது. கோட்னிஸ் ஓர் அறுவை சிகிச்சை டாக்டர். அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது கத்திதான், அக்குபங்சர் ஊசி அல்ல. அவர் இறந்து பதினாறு, பதினேழு வருடங்கள் கழித்துத்தான் அந்த ஊசி இந்தியாவுக்கு வந்தது. அப்படியென்றால் அவர் பெயர் எப்படி போர்டில் ஏறியது?

சோலாப்பூர் பையன்

துவாரகநாத் சாந்தாராம் கோட்னிஸ் 1910 அக்டோபர் 10 அன்று, இன்றைய மகாராஷ்டிராவின் சோலாப்பூரில் பிறந்தார். துணி ஆலைகளுக்குப் பேர்போன ஊர். பிள்ளைகள் நிறைந்த நடுத்தரக் குடும்பம். ஒரு பையனை டாக்டருக்குப் படிக்க வைப்பது அப்படிப்பட்ட வீட்டுக்கு எவ்வளவு பெரிய சுமை என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மும்பை சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கினார். மேற்படிப்பு, நல்ல பிராக்டிஸ், வீட்டுக் கஷ்டத்தைத் தீர்ப்பது என்று எல்லா வீட்டிலும் போடும் அதே கணக்கைத்தான் அந்த வீட்டிலும் போட்டிருப்பார்கள்.

அந்தக் கணக்கைக் கலைத்தது சீனாவில் நடந்த ஒரு போர். 1937-ல் ஜப்பான் சீனாவுக்குள் முழுவீச்சில் இறங்கியது. சீனக் கம்யூனிஸ்ட் படையின் தளபதி சூ தே, ஜவாஹர்லால் நேருவுக்குக் கடிதம் எழுதி மருத்துவ உதவி கேட்டார். இந்தியாவே அப்போது அடிமை நாடு. தன் விடுதலைக்கே போராடிக்கொண்டிருந்த காங்கிரஸ், இன்னொரு நாட்டுக்கு டாக்டர்களை அனுப்ப முடிவு செய்தது. அந்த வருடம் காங்கிரஸ் தலைவராக இருந்த சுபாஷ் சந்திர போஸ் மக்களிடம் நிதி கேட்டார். சுமார் 22,000 ரூபாய் சேர்ந்தது. ஒரு ஆம்புலன்ஸும் கிடைத்தது.

1938 செப்டம்பரில் ஐந்து டாக்டர்கள் மும்பையிலிருந்து கப்பல் ஏறினார்கள். தலைவர் அலகாபாத் டாக்டர் மதன் மோகன்லால் அடல். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். நாக்பூரிலிருந்து சோல்கர், கல்கத்தாவிலிருந்து தேபேஷ் முகர்ஜி, பிஜய் குமார் பாசு, சோலாப்பூரிலிருந்து கோட்னிஸ். கோட்னிஸுக்கு இன்னும் 28 வயது முடியவில்லை. இந்த ஐந்து பேரில் பாசு என்ற பெயரை மட்டும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஊசிக் கதை அவரிடம்தான் இருக்கிறது.

போன இடத்தில்

கான்டன் வழியாக ஹாங்கோவுக்கும், பிறகு சோங்கிங்குக்கும் போனார்கள். ஜப்பான் படை முன்னேற முன்னேற இவர்களும் உள்நாட்டுக்குள் நகர வேண்டியிருந்தது. இந்த நேரத்தில்தான் கோட்னிஸுக்கு அப்பா இறந்துபோன செய்தி வந்தது. திரும்பிப் போகலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்ற நிலை. அவர் போகவில்லை. ஊரில் அம்மாவும் கூடப் பிறந்தவர்களும் தவித்திருப்பார்கள். அந்த முடிவைத் தியாகம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிற வழக்கம் இருக்கிறது. வீட்டில் இருந்தவர்களுக்கு அது வேறு மாதிரி இருந்திருக்கும்.

அஞ்சு பேருக்கும் சீனப் பெயர் வைக்கப்பட்டது. ஒவ்வொரு பெயரின் கடைசியிலும் சீனாவைக் குறிக்கும் 'ஹுவா'. கோட்னிஸ் 'கே திஹுவா' ஆனார். பாசு 'பா சுஹுவா' ஆனார். சீனாவில் இன்றும் கோட்னிஸை அந்தப் பெயரில்தான் தெரியும்.

1939 பிப்ரவரியில் யேனான் போய்ச் சேர்ந்தார்கள். வறண்ட மண்மேடுகளைக் குடைந்து செய்த குகைகளில்தான் வீடு, அலுவலகம், ஆஸ்பத்திரி எல்லாமே. மாவோ சேதுங் அங்கிருந்துதான் படையை நடத்திக்கொண்டிருந்தார். உடல்நிலை உள்ளிட்ட காரணங்களால் அந்த வருடமே சோல்கரும் முகர்ஜியும் இந்தியா திரும்பினார்கள். 1940-ல் அடலும் கிளம்பினார். மீதி இரண்டே பேர்: கோட்னிஸ், பாசு.

இருவரும் ஜப்பான் படை பிடித்து வைத்திருந்த பகுதிகளின் ஊடாக வடசீனப் போர்முனைக்குப் போனார்கள். அங்கே அவர்களுக்கு முன்னால் ஒரு கனடா டாக்டர் வேலை பார்த்திருந்தார். நார்மன் பெத்யூன். ஆபரேஷன் செய்யும்போது விரலில் பட்ட வெட்டு சீழ்பிடித்து, விஷம் ரத்தத்தில் ஏறி, 1939 நவம்பரில் இறந்துபோனவர். அவர் விட்டுவிட்டுப் போன இடத்தில்தான் கோட்னிஸ் நிற்கப் போகிறார்.

தூக்கம் இல்லாத 72 மணி நேரம்

1940 ஆகஸ்டில் சீனப் படை, நூறு ரெஜிமென்ட் தாக்குதல் என்று பெயர் பெற்ற பெரிய எதிர்த்தாக்குதலைத் தொடங்கியது. அடிபட்டவர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அந்தச் சண்டையின்போது கோட்னிஸ் 800-க்கும் மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்ததாகவும், ஒரு கட்டத்தில் 72 மணி நேரம் இடைவிடாமல் ஆபரேஷன் செய்ததாகவும் பதிவாகியிருக்கிறது. நைட் ஷிப்ட் பார்க்கிற யாருக்கும் இரண்டாவது நாளில் கை எப்படி நடுங்கும் என்று தெரியும். மூன்று நாள் அப்படி நின்று, கையில் கத்தியும் வைத்திருந்தார் இவர்.

அதன்பின் பாசு யேனானுக்குத் திரும்பிவிட்டார். கோட்னிஸ் போர்முனைப் பகுதியிலேயே தங்கினார். 1941 ஜனவரியில், பெத்யூன் பெயரிலான சர்வதேச அமைதி மருத்துவமனைக்கு இயக்குநர் ஆனார். ஆஸ்பத்திரி என்றதும் கட்டடத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். எதிரி நெருங்கினால் நோயாளி, மருந்து, கருவி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அடுத்த கிராமத்துக்கு நடக்க வேண்டிய ஆஸ்பத்திரி அது.

அங்கே அவர் செய்த இன்னொரு வேலை பாடம் நடத்தியது. சீன மொழியை நன்றாகப் பேசவும் படிக்கவும் கற்றுக்கொண்டு, மருத்துவ மாணவர்களுக்கு அந்த மொழியிலேயே வகுப்பு எடுத்தார். அறுவை சிகிச்சை பற்றிய பாடநூல் எழுத ஆரம்பித்தார். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் நோயாளியிடம் நேரடியாகப் பேசும் வெளிநாட்டு டாக்டர் என்பது அந்தக் கிராமங்களுக்குப் புதுசு.

பெத்யூன் நினைவிடத் திறப்பு விழாவில்தான் கோட்னிஸ் குவோ சிங்லானைச் சந்தித்தார். அவர் நர்சிங் சொல்லித்தரும் ஆசிரியை. 1941 இறுதியில் கல்யாணம். 1942 ஆகஸ்டில் ஆண் குழந்தை. பெயர் யின்ஹுவா. 'யின்' இந்தியா, 'ஹுவா' சீனா. அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தவர் அந்தப் பகுதியின் தளபதி நியே ரோங்சென்.

கோட்னிஸுக்கு வலிப்பு நோய் இருந்தது. வேலையும் தூக்கமின்மையும் அதைக் கிளறிவிட்டன. வேறு இடத்துக்குப் போய்ச் சிகிச்சை எடுக்கச் சொல்லியும் கேட்கவில்லை. 1942 டிசம்பர் 9 அன்று அடுத்தடுத்து வந்த வலிப்பில் இறந்துபோனார். வயது 32. மகனுக்கு நான்கு மாதம்கூட ஆகவில்லை. மாவோ இரங்கல் எழுதினார். பின்னாளில் அவர் உடல் ஷிஜியாஜுவாங் நகரில் தியாகிகள் நினைவிடத்துக்கு மாற்றப்பட்டது. அங்கே அவருக்குச் சிலை இருக்கிறது, நினைவு மண்டபமும் இருக்கிறது.

நான்கு வருடம். அதற்குள் இவ்வளவு. ஆனால் இதுவரை சொன்னதில் ஓர் இடத்தில்கூட அக்குபங்சர் வரவில்லை, கவனித்தீர்களா?

சரி, ஊசி எப்போது வருகிறது?

சீனா என்றாலே காலங்காலமாக ஊசி வைத்தியம்தான் என்ற எண்ணம் நமக்கு இருக்கிறது. கோட்னிஸ் போனபோது நிலைமை அப்படி இல்லை. 1822-லேயே சீனப் பேரரசின் மருத்துவ நிறுவனத்திலிருந்து அக்குபங்சர் நீக்கப்பட்டிருந்தது. 1929-ல் பாரம்பரிய வைத்தியத்தையே ஒழித்துவிட வேண்டும் என்று அரசு மட்டத்தில் தீர்மானம் வந்து, வைத்தியர்கள் தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது. கிராமங்களில் ஊசி இருந்தது. படித்த டாக்டர்களின் ஆஸ்பத்திரியில் அதற்கு இடம் கிடையாது.

அதை மாற்றியது வறுமை. போரில் மருந்து வரத்து நின்றது. கையில் இருக்கும் வைத்தியத்தைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயம். யேனானில் சூ லியான் என்ற பெண் டாக்டர் 1944 வாக்கில் ஒரு பாரம்பரிய வைத்தியரிடம் ஊசி கற்றார். 1945-ல் அங்கிருந்த பெத்யூன் அமைதி மருத்துவமனையில் அக்குபங்சர் பிரிவு தொடங்கியது. 1951-ல் சூ லியான் எழுதிய 'புதிய அக்குபங்சர்' புத்தகம் வந்தது. நாடி, நாளம் என்ற பழைய விளக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு, நரம்பு மண்டலத்தை வைத்து ஊசியை விளக்கப் பார்த்த புத்தகம் அது. 1955-ல் பெய்ஜிங்கில் பாரம்பரிய மருத்துவத்துக்கென்றே அரசு ஓர் ஆய்வு நிறுவனம் திறந்தது.

தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோட்னிஸ் இறந்தது 1942. பாசு இந்தியா திரும்பியது 1943. ஆஸ்பத்திரிக்குள் ஊசி வந்தது 1945. இரண்டு பேருமே அந்தக் கதவு திறப்பதற்கு முன்பே வெளியேறிவிட்டார்கள்.

பாசு மறுபடி போனார். 1950-களின் கடைசியில் சீனா சென்றவர், புது ஆர்வத்தோடு அங்கே வளர்ந்துகொண்டிருந்த அக்குபங்சரைக் கற்றுக்கொண்டார். 1959-ல் கல்கத்தாவில் அதை வைத்துச் சிகிச்சை கொடுக்க ஆரம்பித்தார். இந்தியாவில் அக்குபங்சரின் தொடக்கம் என்று பொதுவாகக் குறிக்கப்படுவது இந்த வருடம்தான். அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் பெய்ஜிங்கில் குடல்வால் ஆபரேஷன் முடிந்து ஊசி குத்திக்கொண்டதை எழுதி, மேற்கு நாடுகளே அக்குபங்சரைத் திரும்பிப் பார்த்தது 1971-ல். கல்கத்தா அதற்குப் பன்னிரண்டு வருடம் முந்திவிட்டது!

ஆனால் நேரம் சரியில்லை. பாசு தொடங்கிய மூன்றே வருடத்தில், 1962-ல், இந்தியா-சீனா எல்லைப் போர். சீனா என்ற சொல்லே சந்தேகத்துக்கு உள்ளான காலம். அந்த நாட்டில் கற்ற வைத்தியத்தை, அதுவும் ஒரு கம்யூனிஸ்ட் டாக்டர், கல்கத்தாவில் நடத்துவது எவ்வளவு சங்கடம் என்று யோசித்துப் பாருங்கள்.

இங்கேதான் கோட்னிஸ் பெயர் வருகிறது. 1946-லேயே வி. சாந்தாராம், கே.ஏ. அப்பாஸின் புத்தகத்தை வைத்து 'டாக்டர் கோட்னிஸ் கி அமர் கஹானி' படத்தை எடுத்து, தானே நடித்தும் இருந்தார். அதனால் வடஇந்தியாவில் கோட்னிஸ் என்றால் யாருக்கும் அறிமுகம் தேவையில்லை. கட்சி, எல்லை, போர் எல்லாவற்றுக்கும் அப்பால் இரு நாட்டிலும் மரியாதை இருந்த ஒரே பெயர் அதுதான். பாசு அகில இந்திய கோட்னிஸ் நினைவுக் குழுவை முன்னின்று நடத்தினார். அந்தக் குழு ஊசி வைத்தியத்தையும் பரப்பியது. லூதியானாவில் 1975-ல் தொடங்கிய அக்குபங்சர் மருத்துவமனைக்கும் கோட்னிஸ் பெயரே. நண்பன் செத்தபின் அவன் பெயரில் எதையாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பு இதில் எவ்வளவு, புது வைத்தியத்துக்கு நல்ல பெயர் தேவைப்பட்டது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியாது. இரண்டும் இருந்திருக்கும்.

பாசு 1986-ல் இறந்தார். ஐந்து டாக்டர்களின் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகமும் அந்த வருடம்தான் வெளிவந்தது. போர்டில் அவர் பெயரைப் பார்ப்பது அரிது. மேற்கு வங்கம் 1996-ல் அக்குபங்சருக்கென்று தனிச் சட்டம் போட்டது. மத்திய அரசு 2003-ல் இதை ஒரு சிகிச்சை முறையாகவும், 2019-ல் தனி மருத்துவ முறையாகவும் ஏற்றுக்கொண்டது.

இப்போது தாடைக்கு வருவோம்

காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். உருளுகிறதே, அதுதான் தாடை மூட்டு. கதவுக் கீல் மாதிரி திரும்பும், அதோடு முன்னால் வழுக்கியும் போகும். இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்வதால் உடம்பிலேயே சிக்கலான மூட்டுகளில் ஒன்று. எலும்புகளுக்கு நடுவே குருத்தெலும்பு போல ஒரு சின்னத் தகடு இருக்கும். அது இடம் பிசகினால் 'டக்' சத்தம். பெரும்பாலும் பிரச்சினை மூட்டில்கூட இல்லை, அதை இயக்கும் தசையில்தான். தூக்கத்தில் பல்லைக் கடிப்பது, டென்ஷனில் தாடையை இறுக்குவது, ஒரு பக்கமாகவே மெல்லுவது எல்லாம் அந்தத் தசையைக் களைப்பாக்கிவிடும். இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் அதிகம் வருகிறது, ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். வலி இல்லாத வெறும் சத்தத்துக்குச் சிகிச்சையே தேவையில்லை என்பதும் பலருக்குத் தெரியாது.

அக்குபங்சர் நிபுணர் என்ன செய்வார்? காதுக்கு முன்னால் கன்ன எலும்புக்குக் கீழே உள்ள பள்ளத்தில் ஒன்று, பல்லைக் கடித்தால் கன்னத்தில் புடைக்கும் தசையில் ஒன்று, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒன்று என்று முடி போன்ற மெல்லிய ஊசிகளைச் செருகி, இருபது நிமிடம் அளவில் விட்டு எடுப்பார். மருந்து எதுவும் ஏற்றுவதில்லை. கையில் குத்தினால் தாடைக்கு எப்படிக் கேட்கும்? உடம்பில் 'சி' என்ற சக்தி ஓடும் பாதைகள் உண்டு, கையிலிருந்து முகத்துக்கும் ஒரு பாதை போகிறது என்பது பழைய விளக்கம். அப்படி ஒரு பாதை உடற்கூறியலில் அகப்படவில்லை. குத்தும்போது நரம்பு தூண்டப்பட்டு உடம்பின் சொந்த வலிநிவாரணி வேதிப்பொருள்கள் சுரக்கின்றன, இறுகிய தசை தளர்கிறது என்பது இன்றைய விளக்கம். சூ லியான் 1951-ல் போன பாதைக்குப் பக்கத்தில்தான் இதுவும் வருகிறது.

வேலை செய்கிறதா? 1990-களின் தொடக்கத்தில் ஸ்வீடனில் தாடை வலிக்காரர்களுக்கு அக்குபங்சரையும், பல்லுக்கு மேல் மாட்டும் உறையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சிகிச்சையே இல்லாமல் இருந்தவர்களைவிட இரண்டு குழுவுக்கும் வலி குறைந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. அதன்பிறகு வந்த ஆய்வுகளிலும் குறுகிய காலத்துக்கு, முக்கியமாகத் தசை வலிக்கு, நிவாரணம் தெரிகிறது.

ஆனால் ஒரு கொக்கி உண்டு. தோலுக்குள் போகாத, முனை மழுங்கிய போலி ஊசியை வைத்துச் சோதித்தால் நிஜ ஊசிக்கும் அதற்கும் உள்ள இடைவெளி பல சமயம் சுருங்கிவிடுகிறது. ஆய்வுகள் பெரும்பாலும் சின்னவை. அதனால் ஊசி வலியைக் குறைக்கலாம் என்பது வரை நியாயமாகச் சொல்லலாம். பிசகிய தகட்டை ஊசி பழைய இடத்துக்குக் கொண்டுவரும், தேய்ந்த மூட்டை வளர்க்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தாடை வலி வந்து வந்து தானாகவே போகும் வகை என்பதையும் மறக்கக் கூடாது. வலி உச்சத்தில் இருக்கும்போது ஊசிக்குப் போகிறோம், அடுத்த வாரம் குறைகிறது. பாராட்டு ஊசிக்குப் போய்விடுகிறது.

சூ லியான் மாதிரி டாக்டருக்குப் படித்துவிட்டு ஊசி கற்றவர்கள் ஒரு பக்கம். ஊசி குத்த ஆரம்பித்ததும் இருக்கும் மருந்து எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்பவர்கள் இன்னொரு பக்கம். தாடை வலிக்குப் போனவர் சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு வந்தால் அது தாடையைவிடப் பெரிய ஆபத்து. கோட்னிஸின் சொந்த நோயும் இதில் சேரும். வலிப்பு மாத்திரையை யார் சொன்னாலும் திடீரென நிறுத்தக் கூடாது.

போகும் முன் என்ன செய்யலாம்?

முதல் சில வாரம் மென்மையான சாப்பாடு, வெந்நீர் ஒத்தடம், பெரிய கொட்டாவியைத் தாடைக்குக் கீழே கையை வைத்து அடக்குவது, சூயிங் கம், முறுக்கு, கரும்புக்கு லீவு. வேலை பார்க்கும்போது உதடு மூடியிருக்கலாம், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக் கூடாது. லேப்டாப் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, பார்க்கும்போதெல்லாம் தாடையைத் தளர்த்துங்கள். பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும்.

வாய் திறக்காமல் பூட்டிக்கொண்டால், வீக்கமோ காய்ச்சலோ மரத்துப்போவதோ இருந்தால், முகையூர்க்காரர்களுக்குப் பக்கத்தில் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. புதுச்சேரியிலும் சிதம்பரத்திலும் பல் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. அங்கே வாய்-முக அறுவை சிகிச்சைப் பிரிவைக் கேட்டுப் போங்கள். ஆபரேஷன் என்று பயப்பட வேண்டாம், அந்தப் பிரிவுக்குப் போகும் தாடை வலிக்காரர்களில் மிகச் சிலருக்குத்தான் அது தேவைப்படும். ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு மெல்லும்போது தாடை வலியும், கூடவே நெற்றிப்பொட்டு வலியும் பார்வை மங்கலும் வந்தால் அது ரத்தக்குழாய் பிரச்சினையாக இருக்கலாம், அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். தாடை வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, இடது கை வலி இருந்தால் 108.

இதெல்லாம் இல்லை, டாக்டர் பார்த்துத் தசை வலிதான் என்று சொல்லிவிட்டார் என்றால் ஊசியை முயற்சி செய்வதில் தப்பில்லை. ஊசி புதுசா, ஒருமுறை மட்டும் பயன்படுத்துவதா என்று கேளுங்கள். பாக்கெட்டை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கைவிரல் இடுக்கில் உள்ள அந்தப் புள்ளியைக் கர்ப்பிணிகளுக்குத் தொடுவதில்லை என்பது ஊசி வைத்தியர்களின் பழைய வழக்கமே. நான்கைந்து முறை போயும் மாற்றமே தெரியவில்லை என்றால் இருபது சிட்டிங் பேக்கேஜுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

கோட்னிஸின் மகன் யின்ஹுவா டாக்டருக்குப் படித்தார். படிப்பு முடியும் முன்பே, 1967-ல், இறந்துவிட்டார். குவோ சிங்லான் 2012 வரை வாழ்ந்தார். கணவர் வீட்டாரைப் பார்க்க இந்தியாவுக்குப் பலமுறை வந்து போனார். சோலாப்பூரில் கோட்னிஸ் பிறந்த வீடு இப்போது நினைவு இல்லமாக இருக்கிறது.